மஹிந்திரா தார் ராக்ஸ் வாங்குகிறேன்: எம்எக்ஸ்5 4×4 போதுமா, ஏஎக்ஸ்7எல் வரை போக வேண்டுமா?

தாண்டிக்குடிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக ஒரே குழப்பம், வீட்டில் பேசிப் பேசி அலுத்துவிட்டது, அதனால் இங்கே கேட்கிறேன்.

மதுரையில் வேலை. தாண்டிக்குடிப் பக்கம் அப்பா பார்த்துக்கொள்ளும் தோட்டம் இருக்கிறது, காபி, மிளகு, கொஞ்சம் பட்டர் ஃப்ரூட். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும் வரை தார் ரோடுதான், பிரச்சினை இல்லை. மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் மண்பாதை. அதில் முதல் பாதி கல் பாவியது, மீதி வெறும் களிமண். நடுவில் ஒரு ஓடை, மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் போகும். ஓடையைத் தாண்டியதும் ஒரு ஏற்றம், அதிலேயே இடது பக்கம் ஒரு முடக்கு.

போன ஐப்பசியில் அந்த ஏற்றத்தில்தான் மாட்டினேன். இப்போது இருப்பது ரியர் வீல் டிரைவ் டீசல் வண்டி, பத்து வருடம் ஆகிறது. பின் சக்கரம் ஒன்று மட்டும் சுற்றிச் சுற்றிக் குழி பறித்தது, மற்றது அசையவே இல்லை. மிளகு போடும் சாக்கை டயருக்கு அடியில் கொடுத்தோம், அதை அப்படியே பின்னால் உருவித் தள்ளிவிட்டது. இருட்டுகிற நேரம், பிள்ளைகள் உள்ளே, அப்பா மழையில் நின்று வண்டியைத் தள்ளுகிறார், அவருக்கு 67 வயது. கடைசியில் பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வந்து இழுத்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அடுத்த வண்டி நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகிற 4×4தான்.

எல்லாம் பார்த்து மஹிந்திரா தார் ராக்ஸ் என்று வந்து நிற்கிறோம். ஐந்து பேர், சாமான், வாரா வாரம் மதுரையிலிருந்து போய்வருவது, இதற்கெல்லாம் ஐந்து கதவு வேண்டும். அதில் எந்த வேரியன்ட் என்பதில்தான் சிக்கல். 2024-ல் அறிவித்த ஷோரூம் விலையை எழுதுகிறேன். 2025 செப்டம்பர் ஜிஎஸ்டி மாற்றத்துக்குப் பிறகு எல்லாமே குறைந்திருக்கிறது, ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய அதேதான்.

எம்எக்ஸ்5 டீசல் 4×4 மேனுவல் 18.79 லட்சம். ஏஎக்ஸ்5எல் 4×4 ஆட்டோமேட்டிக் 20.99. ஏஎக்ஸ்7எல் 4×4 மேனுவலும் அதே 20.99. ஏஎக்ஸ்7எல் 4×4 ஆட்டோமேட்டிக் 22.49.

இதற்கு நடுவில் நான் போன ஷோரூமில் ஒரு விற்பனையாளர், "சார், எம்எக்ஸ்5 4×4 விலைக்கே ஏஎக்ஸ்7எல் டூ வீல் டிரைவ் டீசல் தருகிறேன், பெரிய சன்ரூஃப், வெண்டிலேட்டட் சீட், 360 கேமரா எல்லாம் வரும், உங்களுக்கு 4×4 வருடத்துக்குப் பத்து நாள்தானே தேவை" என்கிறார். மனைவிக்கு அது நியாயமாகப் படுகிறது. அப்பாவோ "அந்தப் பத்து நாளுக்குத்தான்டா வண்டியே" என்கிறார். பணத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் மேல் வேரியன்ட் வரை போக முடியும், ஆனால் காரணம் இல்லாமல் கொடுக்க மனசு வரவில்லை.

ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

---

சேற்றுத்தடம் எழுதியது:

தம்பி, அப்பா சொன்னதுதான் சரி. பத்து நாள் என்று விற்பனையாளர் சொல்கிறாரே, காபிப் பழம் எடுக்கிற கார்த்திகை, மார்கழியும் அந்தப் பத்து நாளில்தானே வருகிறது? பழனி மலையின் கீழ்ப்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, அறுவடையும் அதை ஒட்டியே வருகிறது. மற்ற நாளில் வண்டி ஏறவில்லை என்றால் நடந்து போகலாம். அந்த நாட்களில் முடியாது.

நான் எம்எக்ஸ்5 4×4 மேனுவல் வைத்திருக்கிறேன், ஒரு வருடம் தாண்டிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து ஆனைகட்டிப் பக்கம், வால்பாறையில் நண்பரின் எஸ்டேட், இப்படித்தான் ஓட்டம்.

உங்கள் கதையில் முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் சுற்றியது, மற்றது அசையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டிஃபரன்ஷியலின் வேலையே அதுதான். வளைவில் திரும்பும்போது உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டும், அதற்காக வைத்த பாகம். ஆனால் ஒரு சக்கரம் சேற்றில் பிடி இழந்தால் சுற்றெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போய்விடும், நல்ல தரையில் நிற்கிற சக்கரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். டிஃப் லாக் போட்டால் பின்னால் இருக்கிற இரண்டு சக்கரமும் ஒரே தண்டு மாதிரி சேர்ந்து சுற்றும், பிடி இருக்கிற சக்கரம் வண்டியைத் தள்ளிவிடும். ராக்ஸ் 4×4-ல் பின்பக்கம் எலக்ட்ரானிக் டிஃப் லாக் வருகிறது, ஒரு பட்டன்தான். எம்எக்ஸ்5 4×4-லேயே இருக்கிறது, அதற்காக மேலே போக வேண்டியதில்லை. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகிற லோ ரேஞ்ச் கியரும் அப்படித்தான். முன் பம்பர் தட்டாமல் ஏறும் கோணம் 41.7 டிகிரி, பின்னால் 36.1, தண்ணீரில் 650 மி.மீ. வரை இறங்கலாம், இதெல்லாம் மேல் வேரியன்ட் என்று கூடப்போவதில்லை. உங்கள் ஓடைக்கு இது தாராளம், ஆனால் வெள்ளம் வேகமாகப் போகும்போது ஆழம் குறைவாக இருந்தாலும் இறக்காதீர்கள். ஆளை இறக்கித் தடியால் ஆழம் பார்க்காமல் எந்த ஓடையிலும் நான் இறங்கியதில்லை.

பெட்ரோல் பக்கம் யாராவது இழுத்தால் போகாதீர்கள். ராக்ஸில் 4×4 டீசலுக்கு மட்டும்தான்.

பாதுகாப்பைப் பற்றியும் வீட்டில் கேள்வி வரும். ஆறு ஏர்பேக், வண்டி வழுக்காமல் பிடிக்கிற இஎஸ்சி, எல்லா இருக்கைக்கும் மூன்று முனை பெல்ட், இவை அடி வேரியன்டிலிருந்தே உண்டு. பாரத் என்கேப் மோதல் சோதனையில் 2024 நவம்பரில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, பெரியவர்களுக்கான பிரிவில் 32-க்கு 31.09. கேமரா, ரேடார் வைத்து ஓட்டுநருக்கு உதவுகிற ஏடாஸ்தான் மேலே உள்ள ஏஎக்ஸ் வரிசைக்குப் போகிறது.

இன்னொன்று, இதை ஷோரூமில் சொல்ல மாட்டார்கள். நம் தமிழ்நாட்டில் வாழ்நாள் சாலை வரி 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை 18 சதவீதம், 20-ஐத் தாண்டினால் 20 சதவீதம். நீங்கள் எழுதிய விலைக்கே கணக்குப் போடுங்கள். எம்எக்ஸ்5-க்கு வரி 3.38 லட்சம், ஏஎக்ஸ்7எல் ஆட்டோமேட்டிக்குக்கு 4.50 லட்சம். ஷோரூம் விலையில் 3.70 லட்சமாகத் தெரிகிற வித்தியாசம் வரியோடு 4.80-க்கும் மேல் போய்விடுகிறது, இன்சூரன்ஸ் தனி. இப்போது விலை குறைந்திருப்பதால் நடுவில் இருக்கிற ஏஎக்ஸ்5எல் 20 லட்சக் கோட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று கோட்டேஷனில் கட்டாயம் பாருங்கள்.

என் ஓட்டு எம்எக்ஸ்5 4×4. மிச்சப் பணத்தில் நல்ல ஆல் டெரெய்ன் டயர், கம்ப்ரஸர், இழுவைப் பட்டை, அதை வண்டியில் மாட்டுகிற ஷேக்கிள் வாங்கிப் போடுங்கள். எல்லாம் சேர்த்தாலும் ஒரு லட்சத்துக்குள் முடிந்துவிடும்.

---

ஏலத்தோட்டம் எழுதியது:

போடிமெட்டுக்கு மேலே எங்களுக்கு ஏலக்காய்த் தோட்டம். மலைப்பாதையில் வண்டி ஓட்ட ஆரம்பித்துப் பதினாறு வருடம் ஆகிறது, அதனால் உரிமையோடு சொல்கிறேன். சேற்றுத்தடம் அண்ணா சொன்ன 4×4 விஷயத்தில் மறுபேச்சே இல்லை. மேனுவல் என்று சொன்னதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை.

தம்பி, உங்கள் அப்பாவும் ஓட்டுவாரா? நீங்கள் மதுரையில் இருக்கும் ஐந்து நாளும் வண்டி எங்கே நிற்கப் போகிறது, யார் ஓட்டப் போகிறார்கள்? இதை நீங்கள் எழுதவே இல்லை, ஆனால் எந்த வேரியன்ட் என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

நான் முன்பு வைத்திருந்தது ஒரு மேனுவல் 4×4, எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, தப்பு என்னுடையது. ஒரு நாள் மழையில் எங்கள் ஏற்றத்தில் முன்னால் போன ஜீப் நின்றுவிட்டது, நானும் நின்றேன். பின்னால் உருள்கிறதோ என்ற பயத்தில் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஆக்சிலரேட்டர் கொடுத்துக்கொண்டிருந்தேன், லோ ரேஞ்ச் போடவும் தோன்றவில்லை. ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம், தலையைச் சுற்றும் நாற்றம் அது. மேலே போய்ச் சேர்ந்தபோது கிளட்ச் முடிந்திருந்தது. அன்றைக்கு என்னுடன் அம்மா இருந்தார், கைகால் நடுங்கியது எனக்கு. எத்தனை வருடம் ஓட்டினாலும் சேற்றில், இருட்டில், பின்னால் பள்ளம் இருக்கும்போது மூன்று பெடலும் இரண்டு காலும் கணக்கு ஒத்துவராது, அதுவும் 67 வயதில் மூட்டு வலியோடு என்றால் இன்னும் கஷ்டம்.

இப்போது ஓட்டுவது டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக். லோ ரேஞ்சில் போட்டுவிட்டு ஆக்சிலரேட்டரைத் தொட்டாலே போதும், மெதுவாக, ஒரே சீராக ஊர்ந்து ஏறும். காலெல்லாம் பிரேக்கிலும் ஆக்சிலரேட்டரிலும் மட்டும். ராக்ஸிலும் இதே வகை ஆறு ஸ்பீடு கியர்பாக்ஸ்தான். ஆட்டோமேட்டிக் டீசல் 175 பிஎஸ், 370 நியூட்டன் மீட்டர், மேனுவல் டீசல் தொடங்குவது 152-லும் 330-லும்.

அதனால் ஏஎக்ஸ்5எல் ஆட்டோமேட்டிக்காவது பாருங்கள். முடிந்தால் ஏஎக்ஸ்7எல். 360 கேமராவைச் சும்மா அலங்காரம் என்று தள்ளிவிடாதீர்கள், ராக்ஸின் அகலம் 1870 மி.மீ., எங்கள் தோட்டத்துக் கல் கட்டுக்கும் மறுபக்கம் சரிவுக்கும் நடுவில் அது கண்ணுக்குத் தெரியாத சக்கரத்தைக் காட்டும்.

---

சிறுமலை வாழை எழுதியது:

மாருதி ஜிம்னி பார்த்தீர்களா? அகலம் 1645 மி.மீ.தான், எடை ராக்ஸை விட ரொம்பக் குறைவு, லோ ரேஞ்ச் எல்லா வேரியன்டிலும் வருகிறது. வேரியன்டும் இரண்டே இரண்டு, ஜீட்டா, ஆல்ஃபா, குழப்பமே இல்லை. சேற்றில் எடை குறைவான வண்டிதான் ராஜா. எங்கள் பாதையில் பெரிய வண்டிகள் புதைகிற இடத்தில் மிதந்து போகிறது.

---

தாண்டிக்குடிக்காரன் எழுதியது:

ஜிம்னி முதலில் பார்த்தது, ரொம்பப் பிடித்தும் இருந்தது. ஆனால் நான்கு பேர் இருக்கைதான், நாங்கள் ஐந்து பேர். சீட்டை மடக்காமல் டிக்கி 208 லிட்டர், ராக்ஸில் 447. ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டை, வரும்போது காபிக்கொட்டை, காய்கறி. அதோடு பெட்ரோல் மட்டும்தான். அப்பாவுக்குத் தோட்டத்துப் பம்பிலிருந்து எல்லாமே டீசல், கேனில் எப்போதும் இருக்கும்.

ஃபோர்ஸ் கூர்க்காவும் பார்த்தோம். முன்னும் பின்னும் டிஃப் லாக், தண்ணீரில் இன்ஜினுக்கு மேலிருந்து காற்று எடுக்கிற ஸ்னார்க்கல் குழாய், உண்மையில் எங்கள் பாதைக்கு அதை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் மேனுவல் மட்டும், வாரா வாரம் மதுரைக்கு நான்குவழிச் சாலையில் ஓட்ட மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

ஏலத்தோட்டம் அக்கா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. வண்டி என்னிடம் மதுரையில்தான் நிற்கும். ஆனால் அறுவடை நேரம் இரண்டு மாதம் தோட்டத்திலேயே விட்டுவிட்டு நான் பஸ்ஸில் வந்துவிடுவேன். அப்பா ஓட்டுவார். அவருக்கு இடது முழங்காலில் வலி இருக்கிறது, கிளட்ச் மிதிக்கும் கால் அதுதான். நான் இதை யோசிக்கவே இல்லை. அவரும் சொன்னதில்லை.

சேற்றுத்தடம் அண்ணா, வரிக் கணக்கு யாரும் சொல்லவில்லை, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். ஏஎக்ஸ்7எல்-ல் 19 இஞ்ச் சக்கரம், மற்றவற்றில் 18. கல் பாதைக்குப் பெரிய சக்கரம்தானே நல்லது? விற்பனையாளர் அப்படித்தான் சொன்னார்.

---

ஒரகடம் பட்டறை எழுதியது:

கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், வேலையே வண்டிச் சக்கரம், சஸ்பென்ஷன் சம்பந்தப்பட்டதுதான்.

பெரிய சக்கரம் என்பது ஏமாற்றும் வார்த்தை. ஏஎக்ஸ்7எல் டயர் 255/60, 19 இஞ்ச். மற்றது 255/65, 18 இஞ்ச். ரிம்மோடு சேர்த்து முழு விட்டத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டும் 789 மி.மீ.க்கு ஒட்டித்தான் வரும். அதாவது வண்டி தரையிலிருந்து ஒரு நூல்கூட உயராது. ரிம் பெரிதானதற்கு ஈடாக டயரின் பக்கச்சுவர் குறைகிறது. 18-ல் பக்கச்சுவர் சுமார் 166 மி.மீ., 19-ல் 153. கல்லில் ஏறும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்த ரப்பர்தான், 13 மி.மீ. கூடுதலாக இருந்தால் ரிம் அடிபடுவதும் குறையும், காற்றை இறக்கி ஓட்டவும் இடம் இருக்கும். ரிம்மும் டயரும் 18-க்கு மாற்றினால் 19-ஐ விட விலையும் குறைவு, ஆல் டெரெய்ன் வகையில் கிடைக்கிற ரகங்களும் அதிகம். உங்கள் மண்பாதைக்கு 18தான். விட்டம் ஒன்றாக இருப்பதால் ஏஎக்ஸ்7எல் வாங்குகிற சிலர் 18 ரிம் போட்டுக்கொள்வதும் உண்டு, ஆனால் 19-க்குக் கொடுத்த பணம் வீண்.

கீழே உள்ள அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை, எனக்குப் பிடித்த விஷயம் என்பதால். மூன்று கதவுத் தாரை விட ராக்ஸின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், 400 மி.மீ. நீளம், 2850. பின்னால் ஒரே அச்சு, அதை இடம் வலம் நகராமல் பிடிக்க வாட்ஸ் லிங்க் கொடுத்திருக்கிறார்கள். சாதாரணமாக ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிற கம்பி போடுவார்கள், அதில் அச்சு மேலும் கீழும் போகும்போது கொஞ்சம் பக்கவாட்டில் இழுக்கும். வாட்ஸ் லிங்க்கில் நேராக ஏறி நேராக இறங்கும். பின் சீட்டில் உட்காருகிற பிள்ளைகளுக்கு மலைவளைவில் அது தெரியும். இந்த வண்டியின் பொறியியல் வேலை நம் செங்கல்பட்டு மஹிந்திரா ரிசர்ச் வேலியில்தான் நடக்கிறது, செய்யாறு பக்கத்தில் அவர்களுடைய சோதனை ஓடுதளமும் இருக்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவனாக எனக்கு அதில் பெருமை உண்டு.

நீளமான வீல்பேஸுக்கு விலையும் உண்டு. வயிறு தட்டாமல் மேட்டைத் தாண்டும் கோணம் 23.9 டிகிரிதான், முன் கோணத்தைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். உங்கள் பாதையில் மண் குவிந்து முதுகு மாதிரி நிற்கிற இடம் இருந்தால் அதை வெட்டிச் சமன் செய்துவிடுங்கள். மண்வெட்டி வேலை அரை நாள்.

ஷோரூமில் அக்ஸசரி பட்டியல் நீட்டுவார்கள். முன்னால் இரும்புக் கம்பி பம்பர் மட்டும் வேண்டவே வேண்டாம். மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதைத் தடை செய்து மாநிலங்களுக்கு எழுதிவிட்டது, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி குற்றம். ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் அது கெடுக்கும்.

---

சேற்றுத்தடம் எழுதியது:

ஏலத்தோட்டம் சகோதரி சொன்னதைப் படித்தபிறகு என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன். முழங்கால் வலி என்று தெரிந்திருந்தால் மேனுவல் என்று எழுதியிருக்க மாட்டேன். நான் தனியாக ஓட்டுகிறவன், என் கணக்கில் சொல்லிவிட்டேன்.

அப்படியென்றால் ஏஎக்ஸ்5எல் 4×4 ஆட்டோமேட்டிக்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. 18 இஞ்ச் சக்கரம், டிஃப் லாக், ஆட்டோமேட்டிக், எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக், ஏடாஸ், சின்ன சன்ரூஃப். ஏஎக்ஸ்7எல்-க்கு மேலே ஒன்றரை லட்சம் கொடுத்தால் கிடைப்பது பெரிய கண்ணாடிக் கூரை, வெண்டிலேட்டட் சீட், ஹார்மன் கார்டன் ஸ்பீக்கர், 360 கேமரா, 19 இஞ்ச். இதில் கேமராவும், மதுரை வெயிலுக்கு அந்தக் குளிர் சீட்டும் உண்மையிலேயே நல்லவை, மறுக்க மாட்டேன். மலைத் தோட்டத்தில் மரத்தடியில் நிற்கிற வண்டிக்குப் பெரிய கண்ணாடிக் கூரை எனக்குப் பிடிக்கவில்லை, சில்வர் ஓக் கிளை ஒடிந்து விழுகிற இடம் அது.

உள்ளே நிறம் கவனியுங்கள். ராக்ஸ் வந்தபோது வெள்ளை சீட் மட்டும்தான், எல்லோரும் கேட்டபிறகு மோக்கா பிரவுன் கொடுத்தார்கள், அதுவும் 4×4-க்கு மட்டும். புக்கிங் தாளில் பிரவுன் என்று எழுதி வாங்குங்கள். காபித் தோட்டத்துச் செம்மண்ணும் வெள்ளை சீட்டும் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.

ஏடாஸ் மலையில் எப்படி என்று கேட்பீர்கள். நான்குவழிச் சாலையில் நல்ல துணை. மலைவளைவில் லேன் பிடிக்கிற வசதியை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள், நம் மலைப்பாதைகளில் கோடே பாதி இடத்தில் இல்லை.

---

தாண்டிக்குடிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று அப்பாவை மதுரைக்கு வரவழைத்து வேறு ஷோரூமுக்குக் கூட்டிப்போனேன். ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டக் கொடுத்தார்கள். அப்பா இதுவரை ஆட்டோமேட்டிக் தொட்டதே இல்லை. பக்கவாட்டுப் படியில் வலது காலை வைத்து, உள்ளே இருக்கிற கைப்பிடியைப் பிடித்து ஏறினார், இடது காலை ஒரு கையால் தூக்கி உள்ளே வைத்தார். இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. முதல் பத்து நிமிடம் இடது கால் கிளட்சைத் தேடிக்கொண்டே இருந்தது. ரிங் ரோட்டில் ஒரு பாலம் ஏறி இறங்கி வந்ததும், "இதில் காலுக்கு வேலையே இல்லையே" என்றார். அவ்வளவுதான், மேனுவல் பேச்சு முடிந்தது.

மனைவிக்கு ஏஎக்ஸ்7எல் கூரைதான் ஆசை, பிள்ளைகளுக்கும். சில்வர் ஓக் பற்றி அண்ணா எழுதியதை அவளே படித்தாள். எங்கள் களத்துமேட்டில் வண்டி நிற்கிற இடத்துக்கு மேலேயே ஒரு மரம் இருக்கிறது, போன வருடக் காற்றில் அதன் கிளை விழுந்து தகரக் கொட்டகை நசுங்கியது. அவளே வேண்டாம் என்றுவிட்டாள்.

ஏஎக்ஸ்5எல் 4×4, கறுப்பு, உள்ளே மோக்கா பிரவுன், புக் செய்தாகிவிட்டது. அக்ஸசரி பட்டியலில் தரை மேட்டும் மட்ஃப்ளாப்பும் மட்டும்.

இரண்டு கேள்வி பாக்கி. 4×4-ஐ மலை ரோட்டில் எப்போதும் போட்டு வைக்கலாமா? அப்புறம், சேற்றில் டயர் காற்று எவ்வளவு?

---

சேற்றுத்தடம் எழுதியது:

வாழ்த்துகள் தம்பி, நல்ல முடிவு.

காய்ந்த தார் ரோட்டில் 4×4 போடவே கூடாது. இது எப்போதும் நான்கு சக்கரமும் ஓடுகிற வகை கிடையாது, நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை. திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும், தாரில் வழுக்க இடம் இல்லாமல் தண்டுகள் முறுக்கிக்கொள்ளும், ஸ்டீயரிங் கனக்கும், கடைசியில் பாகம் போகும். மெயின் ரோட்டிலிருந்து மண்ணில் இறங்கியதும் ஃபோர் ஹை, அதாவது சாதாரண வேகத்தில் 4×4. ஓடைக்கு முன்னால் நிறுத்தி நியூட்ரலில் போட்டு ஃபோர் லோ, அதுதான் லோ ரேஞ்ச். டிஃப் லாக்கை அந்த முடக்குக்கு முன்னால் நேர் பாதையில் போடுங்கள், சக்கரம் சுற்ற ஆரம்பித்தபிறகு போட வேண்டாம். முடக்கில் டிஃப் லாக்கோடு திருப்பினால் வண்டி நேராகவே தள்ளும், அதை அப்பாவுக்குக் காய்ந்த நாளிலேயே காட்டிப் பழக்குங்கள்.

காற்று: நீங்கள் சொல்லும் களிமண்ணுக்கு நான் 22 பிஎஸ்ஐ வரை இறக்குவேன், அதற்குக் கீழே வேண்டாம். மேலே வந்ததும் கம்ப்ரஸரில் ஏற்றாமல் தார் ரோட்டில் போகாதீர்கள்.

---

ஏலத்தோட்டம் எழுதியது:

சந்தோஷம் தம்பி. ஒரே ஒரு விஷயம், பட்டையும் ஷேக்கிளும் டிக்கியின் அடியில் போட்டு மேலே மூட்டை அடுக்கிவிடாதீர்கள். மாட்டுகிற நேரம் மழை பெய்துகொண்டிருக்கும், மூட்டையை இறக்கினால் காபி நனைந்துவிடும். நான் பின் சீட்டுக்குக் கீழே ஒரு சாக்குப் பையில் வைத்திருக்கிறேன், கூடவே ஒரு டார்ச், ஒரு பொட்டலம் உப்பு, காலில் ஏறுகிற அட்டைக்கு. வண்டி வந்ததும் படம் போடுங்கள்.